வீட்டுக்காரருக்கு எடுத்த டியூஷன்

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்து நான்கு வயதில் நான் டியூஷன் எடுத்தேன். பாடம் மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸ். கம்பியை இழுத்தால் எவ்வளவு நீளும், தூணை அழுத்தினால் எப்போது கோணும், பீம் எங்கே வளையும், எங்கே உடையும் என்கிற சங்கதி. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பல வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்க விருப்பமில்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் யாரும் பாடத்தின் நடுவே எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்ததில்லை.

அவர் வளைகுடாவில் சைட் இன்ஜினியர். போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும் என்று அந்த ஊரில் விதி. அதுவரை எப்படியோ கண்ணில் படாமல் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கம்பெனி, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. பாஸானால் இன்ஜினியர். இல்லையென்றால் விசாவில் தொழிலை ஃபோர்மேன் என்று மாற்றிவிடுவார்கள். சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று பெருந்தன்மையாகவும் சொன்னார்களாம். ஆனால் ஃபோர்மேனுக்குக் குடும்ப விசா கிடையாது.

எங்களுக்கு இடித்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். நானும் மகளும் அவரோடு போய் இருப்பது என்பது ஆறு வருஷமாக "அடுத்த வருஷம்" நடக்கவிருந்த காரியம். பரீட்சையில் கோட்டைவிட்டால் அது எந்த வருஷமும் நடக்காது. அவர் அங்கே, நாங்கள் பருத்திப்பட்டில், நடுவில் தினமும் கொஞ்ச நேரம் வீடியோ கால். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "சாப்ட்டேன்." நான் போக ஆசைப்பட்டேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்த மனுஷரோடு ஒரே வீட்டில் இருந்து சண்டை போட எனக்கு ஆசையாக இருந்தது.

வருஷாந்திர லீவை எடுத்துக்கொண்டு படிக்க வந்தார். முதலில் என்னிடம் வரவில்லை. காட்டுப்பாக்கத்தில் ஒரு கோச்சிங் சென்டர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். பாடம் எடுத்த பையன் இவரை "அங்கிள்" என்று கூப்பிட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்தப் பையன் இதுவரை ஒரு சென்ட்ரிங் பலகையைக்கூடத் தொட்டதில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்துவிட்டது. அத்தோடு நின்றுவிட்டார். அன்று மாலை நான் சாக்பீஸ் கையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, "நீ சாயங்காலத்துல சும்மா தானே கீற" என்றார். துவைத்த துணியும் திருத்த வேண்டிய பேப்பர் கட்டும் இரவுக்கு மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சும்மாதான் இருக்கிறேன் என்றேன்.

சாப்பாட்டு மேஜையில்தான் வகுப்பு. எட்டாவது படிக்கும் மகள் அவள் பாடத்தைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஜாமெட்ரிக்கு அவள் காட்டிய அக்கறையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அப்பா திட்டு வாங்குவதைப் பார்க்கத்தான் வந்தாள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என்னுடைய மாணவர்கள் கணக்கு வராது என்பார்கள். இவர் கணக்கே தப்பு என்றார். ஒரு பீம், நடுவில் ஒரு புள்ளியில் சுமை என்று படம் போட்டால், "ஒரு பாயின்ட்ல லோடு எப்டி நிக்கும்? ஊசி மேலயா நிக்கவெச்சான்?" என்பார். பீமின் சொந்த எடையை விட்டுவிடவும் என்று புத்தகத்தில் இருந்தால், எடையே இல்லாத பீம் எந்தக் கடையில் கிடைக்கும், அட்ரஸ் கொடு, நானும் நாலு வாங்கிப்போடுகிறேன் என்பார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். தப்பாகப் பேசுகிறவரைத் திருத்திவிடலாம். சரியாகப் பேசிக்கொண்டே ஃபெயிலாகிறவரை என்ன செய்வது?

டார்ஷன் மட்டும் சீக்கிரம் முடிந்தது. ஈரத் துண்டைக் கொடுத்துப் பிழியச் சொன்னேன். முறுக்கினால் எங்கே தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், அதிகம் என்று கேட்டேன். வெளிப்பக்கம் என்று உடனே சொன்னார். துண்டும் காய்ந்தது.

மாமியார் தன் பங்குக்கு ஞாயிறு பூசையில் மெழுகுவர்த்தி ஏற்ற முடிவு செய்து, எந்தப் புனிதரிடம் கேட்பது என்று என்னிடம் விசாரித்தார். பெண்டிங் மொமென்டுக்கென்று தனியாக யாரும் இல்லை என்றேன். அப்படியானால் அந்தோணியாரே போதும், தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர்தான் என்றார். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வயதில் படித்ததையெல்லாம் எங்கே தொலைத்தார் என்று அந்தோணியாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது வாய்மொழிப் பரீட்சை. தூணின் இரண்டு முனையும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் நீளத்தைக் கணக்கில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது மாறும். அதை அவர் மண்டையில் ஏற்றுவதற்காக நான் ஒரு நாள் கொஞ்சம் சத்தமாகவே, "ரெண்டு பக்கமும் ஃபிக்ஸட்னா பாதிதாங்க எடுக்கணும், பாதி, பாதி" என்று சொல்லிக்கொண்டு போனேன். பின்னால் வந்துகொண்டிருந்த, ரிட்டயரான ஒரு பெரியவர் எங்களை எட்டிப் பிடித்தார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் ஃபிக்ஸட்டில் போடுவது நல்ல காரியம்தான், ஆனால் அவசரப்பட்டுப் பாதியை எடுக்காதீர்கள், வட்டி போய்விடும் என்று அக்கறையோடு சொன்னார். என் வீட்டுக்காரர் அவருக்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியில் அவர் தப்பு செய்ததே இல்லை.

லீவில் பாதிக்கு மேல் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாதிரித் தேர்வு வைத்தேன். நானே கேள்வி எடுத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதை டிக் செய்ய வேண்டும். அடுப்பில் மட்டன் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் முழு நேரமும் எழுந்திருக்கவில்லை, ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

திருத்திப் பார்த்தால் ஃபெயில். பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில் வந்து ஃபெயிலாகவில்லை. நன்றாக, தாராளமாக ஃபெயில்.

எத்தனையோ வருஷமாகப் பேப்பர் திருத்துகிறேன். தெரியாமல் எழுதுகிறவனின் தப்பு கண்டபடி சிதறிக் கிடக்கும். ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், ஒன்று எங்கே போனது என்றே தெரியாது. இவருடைய தப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகப் போயிருந்தன. சரியான விடைக்கு அடுத்த பெரிய எண் எதுவோ அதில் டிக். கம்பியில் தகைவு எவ்வளவு என்று கேட்ட கேள்விக்கு விடை 159. அவர் 167-ஐ டிக் செய்திருந்தார். இரண்டு முனையும் இறுக்கிக் கட்டி, நீளம் முழுக்கச் சுமை பரப்பிய பீமின் நடுவில் மொமென்ட் எவ்வளவு என்பதற்கு 24-ஆல் வகுத்த விடையை எடுக்க வேண்டும். அவர் 8-ஆல் வகுத்ததை எடுத்திருந்தார். அது மும்மடங்கு. எந்த இடத்திலும் குறைத்துப் போட்டு அவர் தப்பு செய்யவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்த தாளைக் கேட்டேன். கொடுத்தார். அதில் 159 என்று அழகாக, இரண்டு கோடு போட்டு அடியில் எழுதியிருந்தது.

"இதுல சரியாத்தானே வந்திருக்கு?"

"ஆமா."

"அப்புறம் ஏன் நூத்தி அறுபத்தேழுல டிக் போட்டீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். வெயிலில் நிற்கிற ஒருவரிடம் ஏன் குடை பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. "சேஃப் சைடுக்கு" என்றார்.

சைட்டில் அப்படித்தான் வேலை நடக்கும், எனக்கும் தெரியும். கணக்கில் ஐந்து கம்பி என்று வந்தால் ஆறு போடுவார்கள். ஆறு வந்தால் எட்டு. யாரும் கேட்பதில்லை, கேட்டால் சேஃப் சைடு. இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நம் ஊரில் கட்டடத்துக்கு விளக்கம் கிடையாது. வீட்டிலும் அவர் அப்படித்தான். குடும்பத்தோடு எங்கேயாவது ரயிலேறப் போனால், முந்தைய ரயிலை வழியனுப்பிவிட்டுத்தான் எங்கள் ரயிலில் ஏறுவோம். ஆனால் விடை தெரிந்த பிறகும் பக்கத்து விடையைப் போடுகிற ஒரு ஆளை நான் பாலிடெக்னிக்கில் பார்த்ததில்லை. விடை தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பரீட்சையில் சேஃப் சைடு என்று ஒன்று கிடையாது, சரி ஒரு பக்கம், தப்பு மூன்று பக்கம், அவ்வளவுதான் என்று எடுத்துச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்மியாகப் போட்டு வைத்து நாளைக்கு ஏதாவது இடிந்து விழுந்தால் கீழே நிற்கப்போவது நீயா நானா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் டிக் செய்வதால் எதுவும் இடிந்து விழாது என்றேன். கை அப்படிப் பழகிவிட்டது, போகிற போக்கில் மாற்ற முடியுமா என்றார். பாஸாகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம், ஃபோர்மேன் வேலையும் வேலைதான், இன்னொரு வருஷம் போகட்டும், வேறு கம்பெனி பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அந்த "இன்னொரு வருஷம்" என் காதில் விழுந்ததும் எனக்கு வந்ததே கோபம். மகளை உள்ளே போகச் சொன்னேன். அவள் போனாள், கதவைச் சாத்தவில்லை.

முதல் வருஷம் ப்ராஜெக்ட் புதுசு, நிலைக்கட்டும் என்றார். அடுத்து ப்ராஜெக்ட் முடியப்போகிறது, புதுசு கிடைக்கட்டும் என்றார். பிறகு கொரோனா. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அது போன பிறகு, திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். பிறகு மகளின் ஸ்கூல். ஒவ்வொரு தடவையும் காரணம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன். ஐந்து கம்பி போதுமான இடத்தில் ஆறு வருஷத்தைப் போட்டிருக்கிறார் என்பது அன்றைக்கு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீங்க சேஃப் சைடுலயே நின்னுகிட்டீங்க" என்றேன். "ஆறு வருஷம். நான் எந்த சைடுல நிக்கிறேன்னு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீங்களா?"

மட்டன் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மாமியார் அறையிலிருந்து எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமலே திரும்பிப் போனார்.

பிறகு அவர் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அங்க வந்து உனக்குப் புடிக்காம பூட்சின்னா இன்னா பண்றது?" என்றார். "வேலைய வேற வுட்டுட்டு வந்துருப்ப. திரும்பி அனுப்பவும் முடியாது. அத நென்ச்சா பயமா கீது எனக்கு. ஒவ்வொரு வருசமும் அதான்."

ப்ராஜெக்டும் இல்லை, ஸ்கூலும் இல்லை. நான் முகத்தைச் சுளித்துவிடுவேனோ என்று ஒரு ஆள் ஆறு வருஷம் தனியாக இருந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. பிடிக்காமல் போனால் அங்கேயே உட்கார்ந்து தினமும் உங்களிடம் சண்டை போடுவேன், அதைப் பிடித்த வேலை மாதிரியே நன்றாகச் செய்வேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டினார். அடுத்த கேள்வி என்றேன். பென்சிலை எடுத்தார்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களில் பாடம் நடத்தவில்லை. பாடம் அவருக்குத் தெரியும். வந்த விடையை அப்படியே டிக் செய்ய மட்டும்தான் பழக்க வேண்டியிருந்தது. அது பாடத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கணக்கைச் சரியாகப் போடுவார். கீழே இரண்டு கோடு போடுவார். பிறகு பென்சில் அந்த விடைக்கு மேலே நின்று கொஞ்ச நேரம் ஆடும். பக்கத்தில் இருக்கிற பெரிய எண் அவரை மச்சான் என்று கூப்பிடும் போலிருக்கிறது. நான் தொண்டையைக் கனைப்பேன். பென்சில் இறங்கும். சில சமயம் நான் கனைக்க மறந்துவிட்டால் மகள் உள்ளேயிருந்து கனைத்தாள்.

லீவு முடிந்து கிளம்பினார். ஏர்போர்ட்டில் எங்களுக்கு முன்னால் நின்ற ஜோடி கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. நாங்கள் தெர்மல் ஸ்ட்ரெஸ் பேசினோம். எஃகையும் செம்பையும் சேர்த்துக் கட்டி சூடாக்கினால் எது இழுபடும், எது அமுக்கப்படும் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். எஃகு இழுபடும், செம்பு அமுங்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பரீட்சை அன்று எனக்கு வகுப்பு இருந்தது. ரிசல்ட் அங்கேயே, முடித்தவுடனே திரையில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். கேன்டிலீவர், அதாவது ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த பீம், நடத்திக்கொண்டிருந்தேன். என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை. முதல் பெஞ்சில் இருந்த பையன் எழுந்து, சுவரை வலது பக்கம் வரைந்துவிட்டு பீமை இடது பக்கம் அந்தரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகச் சொன்னான். அழித்துவிட்டு வரைந்தேன். மதிய பெல் அடித்ததும் போனோடு லேப் பக்கம் போய் நின்றேன். பலம் பார்ப்பதற்காக சிமென்ட் க்யூப் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

கூப்பிட்டார். எடுத்தவுடனே ரிசல்ட்டைச் சொல்கிற ஆள் இல்லை அவர். சைட் ரிப்போர்ட் மாதிரி முதல் கேள்வியிலிருந்து வந்தார். இன்னின்னது கேட்டான், இன்னின்னது போட்டேன். தூண் வந்தது, பாதி எடுத்தேன். செம்பும் எஃகும் வரவே இல்லை. ரிவெட் கணக்கு ஒன்று கேட்டிருந்தான், அதில் நான் சொன்ன வழியில் போகாமல் தன் வழியில் போனதாகச் சொன்னார். ஏன் அப்படிப் போனீர்கள் என்றேன். விடை ஒன்றுதான் என்றார். ஒன்றாக வராது என்றேன். மெஷின் சத்தத்துக்கு மேலே நாங்கள் அந்த ரிவெட்டைப் பற்றிச் சண்டை போட்டோம். நடுவில் ஒரு க்யூப் உடைந்தது.

"அந்த ரெண்டு பக்கம் இறுக்கின பீம் வந்துச்சு" என்றார் பிறகு. "இருவத்தி நாலுதான் போட்டேன். நானே ஒருவாட்டி கனைச்சிகினு போட்டேன்."

அப்போதுதான் நான் இன்னும் ரிசல்ட்டே கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்டேன்.

"பாஸு" என்றார். கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் பாஸ் என்றும், கொஞ்சம் என்றால் ரொம்பக் கொஞ்சம் என்றும் சொன்னார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். நல்லது என்றேன். சாப்பிட்டீர்களா என்றேன். இல்லை என்றார். நீ என்றார். இல்லை என்றேன். இத்தனை நாளும் எங்களுக்குப் பேசுவதற்கு ஷியர் ஃபோர்ஸ் இருந்தது, பெண்டிங் மொமென்ட் இருந்தது. அது முடிந்துவிட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சாயங்காலமா போய் ஊடு பாக்கலாம்னு கீறேன்" என்றார்.

ஆறு வருஷமாக அவர் அங்கே தங்கியிருக்கிற இடத்தை ரூம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ரூமுக்கு வந்துட்டேன், ரூம்ல ஏசி ரிப்பேர், ரூம்ல எல்லாரும் தூங்குறாங்க. ஊடு என்றால் பருத்திப்பட்டுதான். அங்கே போன எந்த ஆளும் அப்படித்தான் சொல்வார். அவர் என்ன சொன்னார் என்பதை அவரே கவனித்த மாதிரி தெரியவில்லை. எந்த ஏரியா, பக்கத்தில் ஸ்கூல் இருக்கிறதா, எத்தனையாவது மாடி என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். நான் எதையும் கேட்கவில்லை, அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போய்ப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

லைனில் இருக்கியா என்று கேட்டார்.

"இருக்கேன்" என்றேன். "சமையல்கட்டுல ஜன்னல் இருக்கான்னு பார்த்து எடுங்க."